ஒண்ணாப்பு சேர்ந்த பிள்ளைக்கு வீட்டுல நாம என்ன செய்யலாம்

ஜூன் பொறந்தா எங்க தெருவுல ரெண்டு மூணு பேராவது வந்து கேட்பாங்க, அக்கா பிள்ளைய ஒண்ணாப்புல சேர்த்தாச்சு, வீட்டுல என்ன சொல்லிக் குடுக்கறது, எங்கிட்டு ஆரம்பிக்கறதுன்னு. வாசப்படியில நின்னுக்கிட்டே சொல்றதுல பாதி விட்டுப் போயிடுது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். நான் டீச்சர் கிடையாது. மதுரையில இருக்கேன், ரெண்டு பிள்ளைகள ஒண்ணாப்பு ரெண்டாப்பு தாண்ட வெச்சிருக்கேன், கொரோனாவுக்கு அப்புறம் இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப தன்னார்வலரா சேர்ந்து சாயங்காலத்துல எங்க வீட்டுத் திண்ணையில தெருப் பிள்ளைகளையும் வெச்சு சொல்லிக் குடுத்திருக்கேன். அதுல கண்ணால பார்த்ததத்தான் எழுதறேன்.

முதல்ல என் பெரியவ கதைய சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்லப் போறது எல்லாமே அதுல இருந்து வந்ததுதான். அவ ஒண்ணாப்பு சேர்ந்து மூணு மாசத்துல தமிழ் புத்தகத்த எடுத்து வெச்சு விரல் வெச்சு கடகடன்னு படிப்பா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் படிக்கச் சொல்லி நானும் பெருமைப்பட்டேன். ஒரு நாள் படிச்சுக்கிட்டு இருக்கறப்ப ஃபேன் காத்துல பக்கம் புரண்டுருச்சு. அவ வாய் நிக்கல. விரல் புதுப் பக்கத்துல ஒரு படத்து மேல இருக்கு, வாய் பழைய பக்கத்து வரிய சொல்லிக்கிட்டே போகுது. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. புத்தகத்த வாங்கி நடுவுல ஒரு வார்த்தைய தொட்டு இது என்னன்னு கேட்டேன், என் மூஞ்சியப் பார்த்தா. இன்னொன்னு கேட்டேன், அதுவும் தெரியல. கோவத்துல கத்திட்டேன், ஏமாத்துறியான்னு கேட்டுட்டேன். அவ அழுதுக்கிட்டே சொன்னா, "மிஸ் சொன்னத தானம்மா சொல்றேன்"னு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அவ ஏமாத்தவே இல்ல. படிக்கறதுன்னா மிஸ் சொன்னத திருப்பிச் சொல்றதுதான்னு அவ நினைச்சிருக்கா, நானும் மூணு மாசமா கை தட்டி அதத்தான் உறுதிப்படுத்தியிருக்கேன். பிள்ளை நல்லா கேட்டிருக்கு, நல்லா ஞாபகம் வெச்சிருக்கு, எழுத்து மட்டும் இன்னும் உள்ள போகல. திண்ணையில வந்து உட்கார்ந்த பிள்ளைகள்லயும் ரெண்டாப்பு மூணாப்பு வரைக்கும் இப்பிடியே ஒப்பிச்சுக்கிட்டு வந்த பிள்ளைகள் இருந்துச்சு. ஒப்பிக்கறது எது, படிக்கறது எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா வீட்டுல செய்ய வேண்டியது பாதி தானா பிடிபடும்.

வகுப்புல என்ன நடக்குது

நம்ம காலத்து ஒண்ணாப்ப மனசுல வெச்சுக்கிட்டு பிள்ளைகிட்ட கேட்டா ஒண்ணும் புரியாது. அரசுப் பள்ளியில 2022-23ல இருந்து ஒண்ணு முதல் மூணு வரைக்கும் எண்ணும் எழுத்தும் முறையில நடத்துறாங்க, அடுத்த வருஷம் நாலு அஞ்சுக்கும் வந்துச்சு. பாட்டு, கதை, அட்டை, பொம்மலாட்டம்னு போகும். பல பள்ளிகள்ல ஒண்ணு ரெண்டு மூணு எல்லாம் ஒரே ரூம்லதான் உட்கார்ந்திருக்கும். பிள்ளை எந்த அளவுல இருக்குன்னு பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு அந்தந்த நிலைக்குத் தக்க வேலை குடுப்பாங்க. புத்தகம் வருஷத்துக்கு மூணு பருவமா பிரிஞ்சு வரும், ஜூன்ல ஒண்ணு, காலாண்டு லீவு முடிஞ்சு ஒண்ணு, ஜனவரியில ஒண்ணு.

இந்த அரும்பு மொட்டு விஷயத்துல நிறைய பேர் மனசு ஒடைஞ்சு போறாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை மொட்டுக்குப் போயிருச்சு, என் பிள்ளை இன்னும் அரும்புலயே இருக்குன்னு பிள்ளை காதுபடவே சொல்றாங்க. தயவு செஞ்சு சொல்லாதீங்க. அது ரேங்க் கிடையாது. இப்ப எங்க நிக்குதோ அங்க இருந்து சொல்லிக் குடுக்கறதுக்காக பிரிச்சது. மூணாப்புல இருக்கற பிள்ளை அரும்புல இருந்தா அதுக்கு அரும்பு வேலைதான் குடுக்கணும், மலர் வேலை குடுத்தா அது மறுபடியும் ஒப்பிக்கத்தான் போகும்.

தனியார் பள்ளியா இருந்தா முறை வேற, ஆனா பிள்ளை அதே வயசுப் பிள்ளைதான், கீழ சொல்றது எல்லாம் அதுக்கும் பொருந்தும்.

முதல் மாசம்: பென்சில விடுங்க, கைய கவனிங்க

சேர்த்த மறுநாளே சிலேட்டு, நாலு கோடு நோட்டு, அ ஆ இ ஈ பத்து பத்து தடவைன்னு ஆரம்பிச்சிடறாங்க. அஞ்சு வயசுப் பிள்ளை விரலுக்கு அந்த பலம் இன்னும் வந்திருக்காது. பென்சில கை முழுக்க இறுக்கிப் பிடிக்கும், எழுத்து பேப்பரக் கிழிக்கும், பத்து நிமிஷத்துல கை வலிக்குதுன்னு அழும், சோம்பேறின்னு நாம திட்டுவோம். விரலுக்கு வேலை குடுங்க. சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், வாசல்ல கோலப் பொடிய கிள்ளிப் போடட்டும், துணிக்கு கிளிப் மாட்டட்டும், பழைய பேப்பர கத்தரிக்கோலால வெட்டட்டும்.

எங்க ஊர்ல மல்லிகைப்பூவுக்குப் பஞ்சமில்ல. எதிர் வீட்டு அக்கா கடைக்குப் பூ கட்டிக் குடுக்கறவங்க, என் சின்னவன் அவங்க பக்கத்துலயே உட்கார்ந்து காம்பு காம்பா சேர்த்து ரெண்டு ரெண்டு பூவா எடுத்து நீட்டிக்கிட்டே இருப்பான். மொட்டு நசுங்காம ரெண்டு விரல் நுனியால எடுக்கணும், ரெண்டு காம்பும் ஒரே மட்டத்துல இருக்கணும், அக்கா ஒரு கண்ணிக்கு இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் ரெண்டு வெச்சு நாரைச் சுத்தி இழுப்பாங்க. ரெண்டு, நாலு, ஆறு, எட்டுன்னு அவங்க வாய்விட்டு எண்ண எண்ண இவனும் எண்ணுவான். அவன் பென்சில் பிடிச்சப்ப நான் எதுவுமே சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கல, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானா சரியா உட்கார்ந்துச்சு. ரெண்டாம் வாய்ப்பாடும் பாதி வந்துருச்சு.

இந்த மாசத்துல செய்ய வேண்டிய இன்னொரு வேலை பேச்சு. ஸ்கூல் விட்டு வந்ததும் இன்னைக்கு என்ன படிச்சன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு ஒரு பதில்தான் வரும். கேள்விய மாத்துங்க. யார் பக்கத்துல உட்கார்ந்த, மிஸ் சொன்ன கதையில யாரு அழுதா, பாட்டுக்கு என்ன ஆக்‌ஷன் செஞ்சீங்க, காலையில என்ன சாப்பாடு போட்டாங்க. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு எங்க மதுரையிலதான் தொடங்குச்சு, அதுக்கப்புறம் எங்க தெருப் பிள்ளைகளுக்குக் கிழமை சொல்லிக் குடுக்கறதே சுலபமாயிருச்சு, அப்போ இருந்த பட்டியல்படி பொங்கல் போட்டா புதன்கிழமை, அதுக்கு முந்தின நாள் கிச்சடி, அப்ப நேத்து என்ன கிழமை? நேத்து, இன்னைக்கு, நாளைக்குங்கற மூணும் சின்னப் பிள்ளைக்கு ரொம்ப குழப்பமானது, சாப்பாட்ட வெச்சு கேட்டா டக்குன்னு வருது.

ரெண்டாவது மாசம்: படிக்குதா ஒப்பிக்குதான்னு பாருங்க

இதுக்கு அஞ்சு நிமிஷம் போதும், டெஸ்ட் வைக்கறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, விளையாட்டா கேளுங்க. படத்த கையால மூடிட்டு படிக்கச் சொல்லுங்க. வரியோட கடைசி வார்த்தையில இருந்து முன்னாடி வரச் சொல்லுங்க. அந்தப் பக்கத்துல இருக்கற ஒரு வார்த்தைய எடுத்து காலண்டர் தாள் பின்னாடி பெருசா எழுதி இது என்னன்னு கேளுங்க. புத்தகத்துல வந்த வார்த்தை தாள்ல தெரியலைன்னா அது அந்த இடத்த ஞாபகம் வெச்சிருக்கு, எழுத்த இன்னும் பார்க்கல.

அப்பிடி இருந்தா பதறாதீங்க. ஒப்பிக்கறது முதல் படிதான், அந்தப் படியிலயே பிள்ளை நின்னுடாம பார்த்துக்கிட்டா போதும். திட்டவே திட்டாதீங்க, நான் பட்டது போதும். என் பெரியவ அதுக்கப்புறம் ரெண்டு மாசம் புத்தகத்த என் முன்னாடி திறக்கவே மாட்டா, அவ அப்பாகிட்டதான் போவா, அந்த ரெண்டு மாசத்த நான் இன்னும் நினைச்சு வருத்தப்படறேன்.

247ஐ ஒரேயடியா ஏத்தாதீங்க

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. சுவத்துல சார்ட் ஒட்டி க கா கி கீன்னு ராகம் போட்டு சொல்ல வெச்சா அதுவும் இன்னொரு ஒப்பித்தல்தான். ராகத்துல கூ வரைக்கும் போயிடும், கூ-வ மட்டும் தனியா காட்டினா முதல்ல இருந்து க கா கின்னு பாடிக்கிட்டே வரணும் அதுக்கு.

நேர்கோடா எழுத சுலபமா இருக்கற ட, ப, ம மூணுல ஆரம்பிங்க, பழைய டீச்சர்மார் நிறைய பேர் இப்பிடித்தான் ஆரம்பிப்பாங்க. மூணே எழுத்து, மேல ஒரு புள்ளி, அவ்வளவுதான், உடனே படம், மடம், பட்டம், மட்டம்னு வார்த்தை வந்துடும். மூணாவது நாளே பிள்ளை ஒரு வார்த்தைய தானா படிச்சிடும். தானா படிச்ச அந்த நிமிஷம் அது மூஞ்சியில வர்ற வெளிச்சத்த நீங்க பார்க்கணும். அப்புறம் க, ல சேர்த்துக்கோங்க, கடல், பகல், கப்பல், கட்டம். காலண்டர் தாள வெட்டி ஒவ்வொரு எழுத்தா எழுதி தீப்பெட்டியில போட்டு வெச்சுக்கோங்க, பிள்ளை எடுத்து எடுத்து அடுக்கட்டும். புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டைய வெச்சுக்கலாம், ம மேல வெச்சா ம், எடுத்தா ம. வாய மூடி "ம்"னு சொல்லிக்கிட்டே வைக்கச் சொன்னா புள்ளி என்ன செய்யுதுன்னு அதுக்கே பிடிபடும்.

அடுத்தது கால். கல்லுக்கு ஒரு கால் போட்டா கால், பல்லுக்குப் போட்டா பால், படத்துக்குப் போட்டா பாடம். இது பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி, ஒரு நாள் முழுக்க பார்க்கற வார்த்தைக்கு எல்லாம் கால் போட்டுக்கிட்டு திரியும், திரியட்டும். ஒரு வாரம் அதுலயே இருங்க. கொம்புகிட்ட வர்றப்பதான் மெதுவா போகணும், ஏன்னா கெ, கே, கை மூணுலயும் சத்தத்துல பின்னாடி வர்றது எழுத்துல முன்னாடி நிக்குது, கொ-வுல ரெண்டு பக்கமும் நிக்குது. அதனாலதான் பிள்ளை கொய்யாவ "கெ...கா"ன்னு தடவுது. அது முட்டாள்தனம் இல்ல, இடமிருந்து வலமா படிக்கணும்னு நாமதான சொல்லிக் குடுத்தோம். கொம்ப ஒரு கலர்ல எழுதி, பக்கத்துல நிக்கற எழுத்த முதல்ல பார்த்துட்டு அப்புறம் கொம்பப் பாருன்னு சொல்லுங்க. உகரமும் அப்பிடித்தான், கு, சு, து மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, மூணுக்கும் மூணு விதமா வால் இருக்கு. ஒண்ணத் தெரிஞ்சா மத்தது தானா வராது, ஒவ்வொன்னா அறிமுகப்படுத்தணும்.

வீட்டுல பெரியவங்க சொல்லிக் குடுத்தா ஒரு விஷயத்த கவனிங்க. 1978ல அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்து லை, ணை, னை, றா, ணா, னா மாதிரி எழுத்துகள மாத்துச்சு. அதுக்கு முன்னாடி படிச்ச எங்க அப்பத்தா தலைக்கு மேல துதிக்கை மாதிரி வளைச்சுத்தான் லை எழுதுவாங்க. என் சின்னவன் சிலேட்டுல அதப் பார்த்துட்டு இது எந்த எழுத்துன்னு முழிச்சான். நான் ரெண்டையும் பக்கத்துல எழுதி, இது அப்பத்தா லை, இது உன் லைன்னு சொன்னேன், ரெண்டு பேருக்கும் சந்தோஷம். பெரியவங்க எழுதறது தப்புன்னு பிள்ளை முன்னாடி சொல்ல வேண்டாம், அது தப்பும் இல்ல.

பேசறது ஒண்ணு, எழுதறது ஒண்ணு

இதப் பத்தி யாருமே பெத்தவங்களுக்கு எடுத்துச் சொல்றதில்ல, எனக்கு அது பெரிய குறையா தெரியுது. பிள்ளை வீட்டுல எலன்னு சொல்லுது, புத்தகத்துல இலைன்னு இருக்கு. தவளன்னு சொல்லுது, புத்தகத்துல தவளை. மழ, மழை. தொட, துடை. இலை படம் போட்ட பக்கத்துல பிள்ளை எலன்னு படிச்சா படத்தப் பார்த்து சொல்லுதுன்னு அர்த்தம். எழுதச் சொன்னா எலன்னே எழுதும், காதுல கேட்டத அப்பிடியே எழுதியிருக்கு, அதுக்கு சிவப்பு பேனாவால பெருக்கல் குறி போட்டா பிள்ளைக்கு என்ன தப்புன்னே விளங்காது.

பேச்ச திருத்தாதீங்க. அம்மா அப்பத்தா பேசற பேச்சு தப்புன்னு பிள்ளைக்குத் தோணிட்டா அது வாயத் திறக்கறதையே விட்டுடும், வகுப்புலயும் கை தூக்காது. நான் செஞ்சது இதுதான், இது வீட்டு வார்த்தை, இது புத்தக வார்த்தைன்னு ஒரு விளையாட்டா மாத்திக்கிட்டேன். நான் எலன்னா அவன் இலைம்பான், நான் வந்துச்சுன்னா அவன் வந்ததும்பான், நான் தூங்கறான்னா அவன் தூங்குகிறான்னு நீட்டி முழக்குவான். பஸ்ல போறப்ப, வரிசையில நிக்கறப்ப, துணி மடிக்கறப்ப விளையாடலாம், புத்தகமே வேண்டாம்.

எழுத்துச் சத்தத்துலயும் ஒரு முடிச்சு இருக்கு. கடல், பகல், தங்கம், மூணுலயும் அதே க-தான், வாயில வர்றப்ப மூணும் ஒண்ணா இருக்கா சொல்லிப் பாருங்க. பிள்ளை ப...க...ல்னு எழுத்து எழுத்தா கூட்டி, க-வ கடல்ல வர்ற மாதிரி அழுத்திச் சொல்லிட்டு என்ன வார்த்தைன்னே தெரியாம நிக்கும். அந்த இடத்துல தப்புன்னு நிறுத்தாதீங்க. "சேர்த்து வேகமா சொல்லு, நமக்குத் தெரிஞ்ச வார்த்தைதான்"னு மட்டும் சொல்லுங்க. பகல்ங்கற வார்த்தைய அது முன்னாடி காதால கேட்டிருந்தா தானா சரி பண்ணிக்கும். கேட்டே இருக்காத வார்த்தைன்னா சரி பண்ண முடியாது.

அதுக்குத்தான் ராத்திரி கதை. தூங்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒரு புத்தகத்த எடுத்து அதுல இருக்கற தமிழ்லயே, மாத்தாம, நீங்க படிங்க, பிள்ளை கேட்கட்டும். விரல் வெச்சு பின்னாடியே வான்னு எல்லாம் சொல்ல வேண்டாம், சும்மா கேட்கட்டும். "சென்றான், கூறினாள், மரத்தின் மேல்" இதெல்லாம் நம்ம வீட்டுப் பேச்சுல வரவே வராது, காதுல விழுந்தாதான் பின்னாடி கண்ணுக்குத் தெரியும். ஒரே கதைய பத்து நாள் கேட்டா பத்து நாளும் படிங்க, அலுத்துக்காதீங்க.

கணக்கு

ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றதும் ஒப்பித்தல்தான், பத்து புளியங்கொட்டைய முன்னாடி வெச்சு எண்ணச் சொன்னா பதினாலு வரைக்கும் போகும், கை ஒரு வேகம் வாய் ஒரு வேகம். அதனால எப்பவும் பொருளத் தொட்டு நகர்த்தி எண்ணச் சொல்லுங்க.

பல்லாங்குழி இருந்தா பரண்ல இருந்து எறக்குங்க. 14 குழி, குழிக்கு 5 முத்து. முதல்ல பிள்ளையவே போடச் சொல்லுங்க. குழியில நாலு சேர்ந்தா பசுன்னு எடுக்கணும், அதனால நாலு முத்த எண்ணாம பார்த்த உடனே நாலுன்னு சொல்ற கண்ணு ஒரு வாரத்துல வந்துடும். இந்தக் குழி முத்த எடுத்துப் போட்டுக்கிட்டே போனா எங்க போய் முடியும்னு முன்கூட்டியே யோசிக்கும் பாருங்க, கூட்டல்ல அதவிட நல்ல பயிற்சிய எந்த நோட்டும் குடுக்காது. தாயம், சொட்டாங்கல் எல்லாம் அப்பிடித்தான்.

பத்துகள சொல்லிக் குடுக்க ஈர்க்குச்சி போதும், பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டு. 23ன்னா ரெண்டு கட்டு மூணு குச்சி. நூத்தி அஞ்ச எழுதச் சொன்னா பிள்ளை 1005ன்னு எழுதும், நூறையும் எழுதிட்டு அஞ்சையும் எழுதுது, கேட்டது கேட்டபடி. கட்ட காட்டினா புரிஞ்சுக்கும்.

தொண்ணூறுல எல்லாப் பிள்ளையும் தடுக்கும், உங்க பிள்ளை மட்டும் இல்ல. அறுபது, எழுபது, எண்பதுன்னு வரிசையா வந்துட்டு அடுத்து தொண்ணூறுங்கறோம், அதுக்குள்ள நூறு கேட்குது, அதனால பிள்ளை எண்பத்தி ஒம்பதுக்கு அப்புறம் நூறுக்குத் தாவிடும், இல்லைன்னா எண்பத்தி பத்துன்னு சொல்லும். எண்பத்தி பத்துன்னு சொன்னா சிரிக்காதீங்க, அது சரியான கணக்கு, பேருதான் வேற. ஒம்பது கட்டு வெச்சு இதுக்குப் பேரு தொண்ணூறு, இன்னும் ஒரு கட்டு வந்தாதான் நூறுன்னு நாலஞ்சு நாள் காட்டுங்க. பின்னாடி தொள்ளாயிரத்துலயும் இதே தடுக்கல் வரும், அப்பவும் இதே வைத்தியம்.

கடைக்கு அனுப்பறப்ப பத்து ரூபாய் காச குடுத்து மீதி எவ்வளவு வரும்னு போறதுக்கு முன்னாடியே கேட்டுட்டு அனுப்புங்க.

எழுதறதுக்கு ஒரு காரணம் குடுங்க

பார்த்து எழுதறது கைக்கு வேலை, தானா எழுதறதுதான் மூளைக்கு வேலை. மூணாம் பருவம் வர்றப்ப எங்க வீட்டுல கடைச் சீட்டு எழுதறது சின்னவன் பொறுப்பு. நான் சொல்லச் சொல்ல எழுதுவான். முதல் சீட்டுல பாலு, உப்பு, சக்கரன்னு இருந்துச்சு. நான் திருத்தல, அப்பிடியே குடுத்து விட்டேன், கடைக்கார அண்ணன் வாய்விட்டு படிச்சு எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தாராம், ஓடி வந்து அண்ணன் படிச்சிட்டாரும்மான்னு குதிச்சான். தான் எழுதினத இன்னொருத்தர் படிச்சு அதுபடி நடந்துச்சுங்கறது அவனுக்கு பெரிய விஷயம். சர்க்கரை பாக்கெட்ட பிரிச்சப்ப அதுல இருந்த எழுத்த அவனே பார்த்துட்டு நடுவுல ஒரு ர் இருக்குதேன்னு கேட்டான், அப்ப சொன்னேன். மறுவாரச் சீட்டுல சர்க்கரை சரியா வந்துச்சு.

3, 7, ல மாதிரி எழுத்த திருப்பிப் போட்டு எழுதறது அஞ்சு ஆறு வயசுல சகஜம், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

இங்கிலீஷுக்கு அதிகம் சொல்ல மாட்டேன். ஏ பி சி டி பாட்டோட நிறுத்தாம எழுத்தோட சத்தத்த சொல்லிக் குடுங்க, பின்ற எழுத்துக்குப் பேரு பி, சத்தம் ப். மூணு எழுத்து வார்த்தைகள்ல இருந்து ஆரம்பிங்க. தமிழ்ல கூட்டிப் படிக்க வந்த பிள்ளைக்கு இது சீக்கிரம் வரும், அதனால தமிழ அவசரமா ஓரங்கட்டிட்டு இங்கிலீஷுக்கு ஓடாதீங்க.

எவ்வளவு நேரம்? கதைய சேர்க்காம இருபது நிமிஷம், அதுவும் ரெண்டு தடவையா. ஒண்ணு ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாதுன்னு 2018ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு, அந்த வயசுப் பிள்ளைய ரெண்டு மணி நேரம் டியூஷன்ல உட்கார வைக்கறது எனக்கு சம்மதமே இல்ல. வந்ததும் விளையாட விடுங்க, சீக்கிரம் தூங்க வைங்க. சாப்பிட வைக்க செல்போன் குடுக்கற வழக்கம் இருந்தா அத முதல்ல நிறுத்தணும், அந்த நேரம்தான் பேச்சுக்கு உண்டான நேரம்.

எனக்கே படிக்கத் தெரியாதேன்னு சொல்றவங்களுக்கு

திண்ணைக்கு வந்த பிள்ளைகள்ல ஒரு பாப்பாவோட அம்மா நூறு நாள் வேலைக்குப் போறவங்க, கைநாட்டு. அக்கா நான் என்னத்த சொல்லிக் குடுக்கன்னு கண் கலங்கி நின்னாங்க. நான் அவங்ககிட்ட சொன்னது, தினமும் சமைக்கறப்ப பிள்ளைய பக்கத்துல உட்கார வெச்சு எனக்குப் படிச்சுக் காட்டு தாயின்னு கேளுங்க, முடிஞ்சதும் இதுல என்ன சொல்லியிருக்குன்னு கேளுங்க, அது சொல்றத நிசமாவே கேளுங்க. அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல அந்தப் பாப்பா அவ அம்மாவுக்கு பேர் எழுதச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. விடுகதை தெரிஞ்சா போடுங்க, உங்க ஊர்க் கதை சொல்லுங்க, வயல்ல இருக்கற பூச்சி பேரு பயிர் பேரு சொல்லுங்க. எழுத்து தெரிஞ்ச எத்தனையோ வீட்டுல இந்தப் பேச்சு கிடையாது.

அப்பாமாருக்கும் சொல்லணும், ராத்திரி ஒம்பது மணிக்கு வந்தாலும் பத்து நிமிஷம் அந்தக் கதைய நீங்க படிங்க. வாரத்துல ரெண்டு நாள் போதும்.

டீச்சர்கிட்ட என்ன கேட்கணும்

எப்பிடி படிக்கறான்னு கேட்டா நல்லா படிக்கறான்னு பதில் வரும், ரெண்டு பேருக்கும் பிரயோஜனம் இல்ல. எந்த நிலையில இருக்கான், எந்த எழுத்துல தடுமாறுறான், எந்த பிள்ளைகளோட சேருறான், வகுப்புல வாயத் திறக்குறானான்னு கேளுங்க. வீட்டுல பார்த்ததயும் சொல்லுங்க, கொம்புல குழம்புறான் டீச்சர், தொண்ணூறுல நிக்கிறான்னு. அவ்வளவு பிள்ளைகளுக்கு நடுவுல அது டீச்சருக்கு நிறைய உதவும். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் போட்டா போங்க, அதுல பெத்தவங்கதான் அதிகம், கழிப்பறை தண்ணியில இருந்து வாசிப்புப் புத்தகம் வரைக்கும் அங்க பேசலாம்.

வருஷம் முழுக்க பொறுமையா இருங்க, ஆனா சில விஷயத்துல பொறுமை கூடாது. புத்தகத்த மூக்குகிட்ட கொண்டு போறது, போர்டுல இருக்கறத பக்கத்துப் பிள்ளை நோட்டப் பார்த்து எழுதறது, கூப்பிட்டா திரும்பாம இருக்கறது, இதுல எது இருந்தாலும் உடனே கண்ணையும் காதையும் காட்டுங்க. பள்ளிக்கு மருத்துவக் குழு வர்றப்ப சொல்லி வெச்சும் பார்க்கலாம். ரெண்டாப்பு முடியற நேரத்துலயும் தினமும் உட்கார்ந்தும் கூட்டிப் படிக்கவே வரலைன்னா டீச்சர்கிட்ட சொல்லி வட்டார வள மையத்துல இருக்கற சிறப்பாசிரியர்கிட்ட காட்டுங்க. மந்தம்னு நாமளே பேர் வெச்சு வீட்டுல வெச்சுக்க வேண்டாம்.

மே மாச லீவுல எல்லாத்தையும் மறந்துடும்னு பயப்படறவங்க நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, பக்கத்துல இருக்கற கிளை நூலகமே போதும். மதுரைக்காரங்களுக்கு நத்தம் ரோட்டுல 2023 ஜூலையில திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, அதுல குழந்தைகளுக்குன்னே தனிப் பகுதி உண்டு. நாங்க பஸ்லதான் போவோம். ஸ்டாப்புல நிக்கறப்ப வர்ற பஸ்ஸோட போர்ட படிக்கறது பிள்ளைக வேலை, நான் வாயத் திறக்க மாட்டேன். போன லீவுல சின்னவன் தூரத்துல வந்த பஸ்ஸப் பார்த்து கண்ணச் சுருக்கி "பெ... ரி... யா... ர்"னு கூட்டிட்டு, பெரியார் நிலையம் இங்கிட்டு இல்ல, இது நம்ம பஸ் இல்லம்மா, ஏறாதன்னு என் சேலையப் பிடிச்சு இழுத்தான். அடுத்த பஸ் வர இருபது நிமிஷம் ஆச்சு, அது வரைக்கும் எதிர்க்க இருந்த கடை போர்டு ஒவ்வொன்னா படிச்சுக்கிட்டு நின்னோம்.